மின்கம்பம் வராத தளிப் பக்கத்து அறை: பகல் கரண்டை இரவுச் சூடாகச் சேமிக்க முடியுமா?

காட்டோரம் | நவம்பர் 16, இரவு 9.40

வணக்கம். தளிக்கும் ஜவளகிரிக்கும் நடுவில் அப்பா காலத்து நிலம் ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. அதில் பன்னிரண்டுக்குப் பதினைந்து அடியில் ஒற்றை அறை கட்டியிருக்கிறேன். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், மேலே தகர ஷீட். வேலை ஓசூரில். சனி, ஞாயிறும் ராகி அறுப்பு சமயத்தில் தொடர்ந்து பத்து நாளும் அம்மாவோடு அங்கேதான் இருப்பேன்.

கடைசி மின்கம்பம் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கிறது. அதனால் முழுக்க சோலார்: 3 கிலோவாட் பேனல், 5 யூனிட் லித்தியம் பேட்டரி, 3 கேவிஏ இன்வெர்ட்டர். விளக்கு, ஃபேன், மிக்ஸி, சின்ன ஃபிரிட்ஜ், செல்போன் எல்லாம் சேர்த்து நாளைக்கு இரண்டு யூனிட்கூட ஆவதில்லை. பதினொன்றரைக்கே பேட்டரி நிறைந்துவிடுகிறது. அதன் பிறகு சாயங்காலம் வரை பேனல் சும்மா வெயில் காய்கிறது.

பிரச்சினை இரவில். போன மார்கழியில் விடியற்காலை 5 மணிக்கு வெளியே 11 டிகிரி, உள்ளே 13. அம்மாவுக்கு முழங்கால் வலி. ஒரு நாள் கரிச்சட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தப் போனார், பிடுங்கி வெளியே வைத்தேன். வெளியில் தீ மூட்டி உட்காரலாம் என்றால் பன்னர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டம் இறங்குகிற மாதங்களும் இவைதான்.

இங்கிலாந்தில் இரவு நேர மலிவு கரண்டில் கல்லைச் சூடாக்கி வைத்து, பகல் முழுக்க அந்தச் சூட்டில் இருக்கிறார்களாம். ஹீட்டருக்குள்ளேயே கல் அடுக்கியிருக்குமாம். என்னால் அப்படி ஒன்று செய்ய முடியுமா? பேட்டரியை இன்னும் பெரிதாக்கக் கையில் காசில்லை.

ஓய்வு_லைன்மேன் | நவம்பர் 16, இரவு 10.15

தம்பி, இரவு மலிவு என்பது அவர்கள் ஊர்க் கணக்கு. நம் வீட்டு மீட்டர் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மொத்த யூனிட்டைத்தான் பார்க்கும். முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். எந்த மணியில் செலவழித்தாய் என்று அது கேட்காது. மணி பார்த்து விலை போடுவது உயர் அழுத்த இணைப்பு வைத்திருக்கிற ஆலைகளுக்கு. காலை, மாலை உச்ச நேரத்தில் 25 சதவீதம் கூடுதல், இரவு 10 முதல் விடியற்காலை 5 வரை 5 சதவீதம் தள்ளுபடி. அந்த 5 சதவீதத்தை நம்பி யாரும் கல் வாங்கி அடுக்க மாட்டான்.

2023 ஜூனில் மத்திய அரசு விதியைத் திருத்தியபோது, வெயில் நேரத்து மின்சாரம் சாதாரண விலையைவிட மலிவாக இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். இரவு மலிவு என்று எழுதவில்லை என்பதைக் கவனி. சோலார் வந்ததும் மலிவான நேரம் நடுப்பகலுக்கு இடம் மாறிவிட்டது. உனக்கோ கம்பமே இல்லை, டாரிஃபும் இல்லை. பதினொன்றரை முதல் மூன்றரை வரை வீணாகிறது பார், அதுதான் உன்னுடைய ஆஃப் பீக், மலிவு நேரம். விலை சைபர்.

ராகிக்களி | நவம்பர் 16, இரவு 10.31

பக்கத்துத் தோட்டத்தில் பம்பு செட் சர்வீஸ் இருந்தால் அதிலிருந்து ஒரு லைன் இழுத்துக்கொள்ளலாமே, இலவசம்தானே?

ஓய்வு_லைன்மேன் | நவம்பர் 16, இரவு 10.38

அந்த வேலையே வேண்டாம். விவசாயத்துக்கு இலவசம் என்றால் விவசாயத்துக்கு மட்டும். அதில் ஹீட்டர் போட்டால் மாட்டிக்கொள்வது சர்வீஸ் யார் பெயரில் இருக்கிறதோ அவர். பாவம், பக்கத்துத் தோட்டக்காரர் என்ன தப்பு செய்தார்?

குளிர்நாட்டுக்காரி | நவம்பர் 17, அதிகாலை 2.50

பாலக்கோட்டில் பிறந்து இப்போது லீட்ஸில் இருக்கிறேன். அந்த ஹீட்டர் என் வாடகை வீட்டிலும் இருந்தது, நான்கு குளிர்காலம் அதோடு சண்டை போட்டிருக்கிறேன். ஆள் இடுப்புயர இரும்புப் பெட்டி, உள்ளே கனமான செங்கல், கல்லுக்கு நடுவே மின்கம்பி. ஒரு பெட்டி நூறு கிலோவுக்கு மேல் இருக்கும். கல் 600 டிகிரிக்கு மேல்கூடச் சூடாகும், சுற்றிலும் தடித்த காப்பு இருப்பதால் தொட்டால் சுடாது.

எகானமி 7 என்று 1978-ல் ஒரு கட்டணம் கொண்டுவந்தார்கள். இரவில் ஏழு மணி நேரம் மலிவு. நிலக்கரி, அணு உலைகளை இரவில் நிறுத்தி நிறுத்தி ஓட்ட முடியாது, வருகிற மின்சாரத்தை யாராவது வாங்க வேண்டுமே. மீட்டரை மலிவு விலைக்கு மாற்றச் சொல்லும் கட்டளை பல வீடுகளுக்கு பிபிசி ரேடியோ 4-இன் நீளலை ஒலிபரப்பில் சேர்ந்தே வந்துகொண்டிருந்தது. வானொலியில் யாரோ செய்தி வாசிக்க, என் வீட்டு ஹீட்டர் கண் விழிக்கும்.

குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை. முதல் நாள் இரவே மறுநாள் குளிரை ஊகித்துச் சூடேற்ற வேண்டும். காலையில் வீடு கொதிக்கும், யாரும் இருக்க மாட்டோம். வேலை முடிந்து ஆறு மணிக்கு வந்தால் பெட்டி ஆறிப்போயிருக்கும். உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை தம்பி. மதியம் ஏற்றி இரவில் செலவழிக்கப் போகிறீர்கள், நடுவில் நாலைந்து மணி நேரம்தான்.

ஜெகதேவி | நவம்பர் 17, காலை 7.05

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு கல்லுக்கு அலைவதா! எங்கள் பக்கம் கிரானைட் குவாரிக் கழிவு மலை மலையாகக் கிடக்கிறது. வண்டி வாடகை கொடுத்தால் ஏற்றிவிடுவார்கள். அதையே அடுக்கி உள்ளே ஹீட்டர் காயில் வையுங்கள்.

ஓசூர்_வயரிங் | நவம்பர் 17, காலை 8.20

அண்ணா, கிரானைட்டை அந்தச் சூட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். அதில் குவார்ட்ஸ் இருக்கிறது. 573 டிகிரியில் குவார்ட்ஸின் படிக அமைப்பு மாறிச் சட்டென்று விரியும், கல் விரிசல் விடும். அதற்கு முன்பே உள்ளே ஈரம் இருந்தால் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். அந்த ஊர் ஹீட்டரில் இருப்பது இரும்பு ஆக்சைடு கல் அல்லது மேக்னசைட் கல். மேக்னசைட் நம் சேலத்து வெள்ளைக்கல் மேட்டில் வெட்டுகிறார்களே, அதேதான். சூளைக்குப் போகிற கல். காசும் சூளை விலைதான்.

100 டிகிரிக்குள் வைத்தால் கிரானைட் ஒன்றும் ஆகாது. ஆனால் ஒரு டன் கிரானைட் ஒரு டிகிரி ஏறக் கிட்டத்தட்ட 0.22 யூனிட். ஒரு டன் தண்ணீர் ஒரு டிகிரி ஏற 1.16 யூனிட். ஐந்து மடங்கு. கல்லின் பலமே உச்சிச் சூட்டுக்குத் தாங்குவதுதான். உச்சிச் சூடு வேண்டாம் என்றால் தண்ணீர்தான் ராஜா.

மணல்பித்தன் | நவம்பர் 17, காலை 9.10

ஃபின்லாந்தில் மணல் பேட்டரி வைத்திருக்கிறார்களே! கன்கான்பா என்ற ஊரில் 2022-ல் போட்டது. 100 டன் மணல், 500 டிகிரிக்கு மேல், 8,000 யூனிட் சேமிக்கிறது. குழாய் வழியாக ஊருக்கே சுடுதண்ணீர் போகிறது. ஒரு டன் மணலில் நாமும் ஒன்று செய்து பார்க்கலாமா?

ஓசூர்_வயரிங் | நவம்பர் 17, காலை 9.32

மணல் விற்கிற விலையில் முதலில் லோடுக்கு வழி பாருங்கள் அண்ணா. :)

விளையாட்டை விடுங்கள். 100 டன்னுக்கு அது சரி. பெரிய கோபுரத்தில் உள்ளிருக்கும் மணல் அதிகம், வெளித்தோல் குறைவு. ஒரு டன்னில் தோல்தான் அதிகம், சூடு காப்பு வழியாகவே சீக்கிரம் ஓடிவிடும். 500 டிகிரியை வீட்டுக்குள் வைத்துக் காப்பு போடுவது விளையாட்டு வேலையும் இல்லை.

காட்டோரம், உங்களிடம் ஒரு கேள்வி. விடியற்காலையில் ஷீட்டின் உள்பக்கம் வியர்த்து, பாய் மேல் சொட்டுகிறதா?

காட்டோரம் | நவம்பர் 17, மதியம் 1.15

ஆமாம் அண்ணா! கூரை ஒழுகுகிறது என்று நினைத்து இரண்டு தடவை திருகாணிக்கெல்லாம் சிலிக்கான் அடித்தேன்.

ஓசூர்_வயரிங் | நவம்பர் 17, இரவு 8.45

அது ஒழுகல் இல்லை. மேகமில்லாத இரவில் தகரம் தன் சூட்டை வானத்துக்கே விட்டுவிட்டு வெளிக்காற்றைவிடக் குளிர்ந்துபோகும். உங்கள் மூச்சு அதில் பட்டுத் தண்ணீராகிறது. அந்தக் கூரையை வைத்துக்கொண்டு எதைச் சூடாக்கினாலும் ஓட்டைக் குடம்தான்.

கணக்கு போட்டேன். உங்கள் கூரை 17 சதுர மீட்டர் வரும். வெற்றுத் தகரம் ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, சுமார் 7 வாட் விடும். உள்ளே 8 டிகிரி கூடுதலாக வைக்க நினைத்தால் கூரை வழியாக மட்டும் 950 வாட். பத்து மணி நேரத்துக்கு ஒன்பதரை யூனிட். உங்கள் பேட்டரி போல இரண்டு கிட்டத்தட்ட முழுக்கக் காலியாகும். அதே கூரைக்கு அடியில் இரண்டு அங்குலத் தெர்மாகோல் கொடுத்தால் 80, 90 வாட்டுக்கு இறங்கிவிடும். ஹீட்டர் பற்றிப் பேசுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். தெர்மாகோலை வெறுமனே விடாதீர்கள், தீப்பிடிக்கும், எலியும் கூடு கட்டும். கீழே ஜிப்சம் போர்டு அடித்து மூடுங்கள். ஷீட் மடிப்புக்கும் சுவருக்கும் நடுவே கை நுழைகிற சந்து இருக்குமே, அதையும் அடையுங்கள். ஆனால் ஒரு சின்ன ஜன்னல் வென்டிலேட்டர் திறந்தே இருக்கட்டும்.

அப்புறம் சேமிப்பு. 200 லிட்டர் இரும்பு டிரம் ஒன்று போதும். சமையல் எண்ணெய் வந்த டிரம்மாகப் பாருங்கள், மருந்து, கெமிக்கல் வந்தது வேண்டாம். தண்ணீர் நிரப்பி, பகலில் பழைய ரஜாயை, அதாவது தடித்த பஞ்சுப் போர்வையைச் சுற்றிக் கட்டிவிட்டு 60 டிகிரி வரை ஏற்றுங்கள். இரவு எட்டு மணிக்கு ரஜாயை அவிழ்த்துவிடுங்கள். அவ்வளவுதான் உங்கள் ரெகுலேட்டர். டிரம்மின் வெளிப்பரப்பு ஒன்றே முக்கால் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். முதலில் 800 வாட் அளவுக்கு விடும், ஆற ஆறக் குறைந்துகொண்டே வரும், விடியும்போது 35-லிருந்து 40 டிகிரிக்குள் நிற்கும். இரவு முழுக்க ஐந்தரை யூனிட் சூடு. மறுநாள் ஏற்ற வேண்டியதும் அந்த ஐந்தரைதான். ஒன்றரை கிலோவாட் எலிமென்டுக்கு (சூடாக்கும் கம்பி) நாலு மணி நேரம்கூட ஆகாது.

டிரம்மைப் பளபளப்பாக விடாமல் சாதாரண பெயின்ட் அடியுங்கள். எந்த நிறமானாலும் பரவாயில்லை, அலுமினிய பெயின்ட் மட்டும் வேண்டாம், அது சூட்டை அடக்கி வைக்கும்.

வத்தல்மலை | நவம்பர் 17, இரவு 9.30

என் அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், யாரும் அதே பள்ளத்தில் விழ வேண்டாம். காப்பித் தோட்டத்து ஷெட்டில் எனக்கும் உபரி சோலார் இருந்தது. இன்வெர்ட்டர் எதற்கு என்று மூன்று பேனலைத் தொடராகப் போட்டு, 25 லிட்டர் கீசருக்கு நேராக டி.சி. கொடுத்தேன். கேட்டதற்குக் கடைக்காரர், “சூடுதானே வேணும், ஏ.சி. ஆனா என்ன, டி.சி. ஆனா என்ன” என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

மூன்றாம் நாள் மதியம் மிளகு பறித்துக்கொண்டிருந்தேன். ஷெட்டிலிருந்து விசில் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் கீசரின் சேஃப்டி வால்விலிருந்து ஆவி பீறிடுகிறது, சுவரெல்லாம் நனைந்து சுண்ணாம்பு உரிகிறது. பேனல் சுவிட்சை அணைக்கக் கையை நீட்டவே பயம். குடையைப் பிடித்துக்கொண்டு போய் அணைத்தேன்.

ஆறிய பிறகு, சூடு ஏறியதும் கரண்டைத் துண்டிக்க வேண்டிய தெர்மோஸ்டாட்டைக் கழற்றினேன். உள்ளே இரண்டு காண்டாக்ட்டும் வெல்டிங் வைத்ததுபோல ஒட்டியிருந்தன. ஏ.சி. மின்சாரம் நொடிக்கு நூறு முறை சைபருக்கு வந்துபோகும், அந்த இடைவெளியில் பொறி அணைந்துவிடும். டி.சி.க்கு அந்த இடைவெளியே இல்லை. தெர்மோஸ்டாட் திறக்கும்போது பொறி நின்று எரிந்து உலோகத்தை உருக்கிவிட்டது. சேஃப்டி வால்வு மட்டும் இல்லையென்றால் இந்தப் பதிவை யார் எழுதியிருப்பார்கள் என்று தெரியாது.

இன்னொன்று, அப்படிக் கொடுத்தும் பேனலின் பாதி சக்திதான் எலிமென்டுக்குப் போனது. 2 கிலோவாட் எலிமென்டின் மின்தடை 26 ஓம். என் பேனல் வரிசைக்குப் பத்து ஓம் அளவில் இருந்தால்தான் முழுதாக இழுக்கும்.

காட்டோரம் | நவம்பர் 17, இரவு 9.52

குடை பிடித்துக்கொண்டு போனீர்களா! சரி அண்ணா, இன்வெர்ட்டர் வழியாக ஏ.சி.யிலேயே கொடுக்கிறேன். பேட்டரி நிறைந்ததும் தானாக ஆன் ஆக என்ன செய்வது?

ஓசூர்_வயரிங் | நவம்பர் 17, இரவு 10.20

இன்வெர்ட்டரில் டிரை காண்டாக்ட், அதாவது வேறு கருவியை ஆன், ஆஃப் செய்ய உதவும் சின்ன சுவிட்ச் முனை, இருக்கிறதா பாருங்கள். பேட்டரி 95 சதவீதம் தாண்டினால் ஆன், 85-க்கு இறங்கினால் ஆஃப் என்று வைத்துவிட்டு அதை வைத்து ஹீட்டருக்கான பெரிய சுவிட்சை, அதாவது ஒரு காண்டாக்டரை, இயக்குங்கள். வெறும் டைமர் போட்டால் மேகம் வந்த நாளில் பேட்டரியை உறிஞ்சிவிடும்.

தொங்கவிடுகிற ராடு வேண்டாம். டிரம்மின் அடியில் சாக்கெட் வெல்டு செய்து திருகும் எலிமென்ட் போடுங்கள், கூடவே 60 டிகிரி தெர்மோஸ்டாட். மூடியில் விரல் அளவு ஓட்டை கட்டாயம், எந்தக் காரணத்துக்கும் அதை அடைக்கக் கூடாது. கரண்ட் கசிந்தால் தானாக விழுகிற ஆர்.சி.சி.பி. சுவிட்சும் போடுங்கள். இன்வெர்ட்டரின் நியூட்ரல் எர்த்தோடு சேராமல் மிதந்தால் அந்த ஆர்.சி.சி.பி. வெறும் பொம்மை, லீக் ஆனாலும் விழாது. மேனுவலைப் பார்த்து, அனுமதித்தால் மட்டும் இணையுங்கள். தெரியாவிட்டால் ஆளைக் கூப்பிடுங்கள், இதில் சிக்கனம் வேண்டாம்.

ராகிக்களி | நவம்பர் 18, காலை 6.40

200 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டர் ஒன்றைக் கூரை மேல் வைத்தால் கரண்டே வேண்டாமே? ஓசூரில் வீட்டுக்கு வீடு இருக்கிறது.

வத்தல்மலை | நவம்பர் 18, காலை 7.15

புதிதாகத் தொடங்குபவருக்கு அதுதான் மலிவு, மறுக்கவில்லை. ஆனால் அவரிடம் பேனல் ஏற்கெனவே சும்மா இருக்கிறது. கண்ணாடிக் குழாயைக் கூரையில் வைத்தால் குரங்கு வேறு. நம் மாவட்டங்களின் போர் தண்ணீரில் உப்பு ஏறிக் குழாய் அடைத்துக்கொள்ளும். டிரம்மில் அதே தண்ணீர் மாறாமல் கிடப்பதால் ஒரு முறை படிகிற உப்போடு சரி.

குளிர்நாட்டுக்காரி | நவம்பர் 18, மதியம் 12.05

இங்கே இப்போது பலர் ஹீட் பம்புக்கு மாறுகிறார்கள், அது வெளிக்காற்றின் சூட்டை உள்ளே இழுத்துத் தரும். குளிரும் சூடும் தருகிற இன்வெர்ட்டர் ஏ.சி. என்றால் ஒரு யூனிட்டுக்கு மூன்று யூனிட் அளவு சூடு கிடைக்கும். பேட்டரியில் இரண்டு யூனிட் மிச்சமிருந்தாலே அந்த டிரம்முக்குச் சமம் ஆகிவிடுமே?

ஓசூர்_வயரிங் | நவம்பர் 18, மதியம் 1.30

கணக்கு சரிதான் அக்கா, நானே ஒப்புக்கொள்கிறேன். வருடத்தில் நாற்பது இரவுக்காக ஏ.சி. வாங்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. அதற்கு முன், அம்மாவுக்கு மட்டும் என்றால் எலெக்ட்ரிக் போர்வை 60 முதல் 100 வாட்டுக்குள். இரவு முழுக்க ஓடினாலும் ஒரு யூனிட் தாண்டாது. அறையை விட்டுவிட்டுக் கட்டிலைச் சூடாக்குவதைவிட மலிவானது எதுவும் கிடையாது.

காட்டோரம் | நவம்பர் 18, இரவு 8.10

போர்வை வாங்கிக் கொடுத்தேன் அண்ணா, போன வருடமே. “கரண்டுக்கு மேல படுக்கச் சொல்றியா” என்று மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார்.

காட்டோரம் | ஜனவரி 11, மாலை 6.25

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். எல்லாம் செய்தாகிவிட்டது. முதலில் கூரை மட்டும் முடித்துவிட்டு ஒரு வாரம் பார்த்தேன். ஹீட்டரே இல்லாமல் விடியற்காலை 15 டிகிரி, சொட்டுவதும் நின்றுவிட்டது. சிலிக்கானுக்குக் கொடுத்த காசை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

டிரம்மை மார்கழி இரண்டாவது வாரம் வைத்தேன். நேற்றைய கணக்கு: மதியம் மூன்றே காலுக்கு 60 டிகிரி வந்து அணைந்தது. எட்டு மணிக்கு ரஜாயை அவிழ்க்கும்போது 58. விடியற்காலை 5 மணிக்கு டிரம் 37, அறை 17.5, வெளியே 11. பேட்டரியில் கை வைக்கவே இல்லை.

மேகமான நாளில் 44 வரைதான் ஏறியது. பயந்தேன், ஆனால் அன்றிரவு வெளியே 16-க்குக் கீழே போகவே இல்லை. வானம் தெளிந்திருந்தால் பகலில் வெயில், இரவில் குளிர். மூடியிருந்தால் இரண்டும் இல்லை. பனிமூட்டம் பதினோரு மணி வரை விலகாத இரண்டு நாள் மட்டும் கொஞ்சம் சிரமமாக இருந்தது.

ஒரு குறை. அறையில் டிரம் நாலு சதுர அடி இடத்தை அடைக்கிறது, இரவில் எழுந்தால் முட்டிக்கொள்கிறேன்.

குளிர்நாட்டுக்காரி | ஜனவரி 11, இரவு 11.40

அம்மா என்ன சொல்கிறார்?

காட்டோரம் | ஜனவரி 12, காலை 7.50

வாயால் ஒன்றும் சொல்லவில்லை அக்கா. குளிரில் தயிர் உறையாமல் இருந்தது, அந்தப் பாத்திரத்தைத் தூக்கி டிரம் மேல் வைத்துவிட்டார். முதல் நாள் சூடு அதிகமாகித் திரிந்துபோனது. இப்போது மூடிக்கு மேல் மணைப்பலகை, அதற்கு மேல் மடித்த கோணி, அதற்கு மேல் பாத்திரம். நேற்றிலிருந்து பக்கத்தில் இட்லி மாவும் வந்துவிட்டது. மூடி ஓட்டையை அடைக்காமல் பலகையை நகர்த்தி வைப்பதுதான் இப்போது என் தினசரி வேலை.

ஓய்வு_லைன்மேன் | ஜனவரி 12, காலை 8.30

நல்லது. மாசி பிறந்தால் மண் காய்ந்துவிடும் தம்பி, எர்த் குழியில் வாரத்துக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்று. ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு தரம் அமுக்கிப் பார். டிரம் மேல் பாத்திரம் வைப்பது உன் அம்மா என்பதை மறக்காதே.

காட்டோரம் | ஜனவரி 12, காலை 8.44

இப்போதே அமுக்கினேன் சார். விழுந்தது.